கிழித்துப் போட வேண்டிய தாள்

இந்த அறையில் பேசியதை
வெளியே சொல்லக்கூடாது என்பது விதி.
ஆகவே, அவன் நெல் கொள்முதல் நிலையத்தில்
பில் போடுகிறவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
அவள் உரக்கடையில் கணக்கு எழுதுகிறாள் என்றும்.
ஊர் மட்டும் மன்னார்குடிதான்.
அதை மாற்றினால் மழையையும் மாற்றவேண்டி வரும்.

ஐப்பசி. கோர்ட்டு வாசலில் கணுக்கால் தண்ணீர்.
சமரச மையம், முன்பு பழைய கட்டுகள் கிடந்த அறை.
கரையான் போய்விட்டது, வாசனை போகவில்லை.
மேசை வட்டம்.
எதிரெதிராக யாரும் உட்காரக்கூடாதென்று
மேலிடத்தில் யாருக்கோ தோன்றிய யோசனை.
வட்டத்துக்கும் இரண்டு எதிர்ப்பக்கம் உண்டென்று
வந்த நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

பதினெட்டு வருடம் வாதாடிய வாய் என்னுடையது.
இங்கே அதற்கு வேலையில்லை.
‘அப்புறம்?’ என்று கேட்கலாம்.
தண்ணீர் டம்ளரைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கலாம்.
‘ஆட்சேபணை’ என்று எழும் நாக்கை
பல்லுக்குப் பின்னால் உட்காரவைக்கலாம்.

முதல் அமர்வு முழுக்க
அவள் அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு அவன் வராதது.
இரண்டாவதில் பீரோ, கிரைண்டர், பதிமூன்று பவுன்.
நாலு பவுன் கூட்டுறவு வங்கியில் தூங்குகிறது.
ரசீது யாரிடம் என்று இருவருக்கும் தெரியும்,
இருவரும் சொல்லவில்லை.

திடீரென்று அவன்:
“பதினேழுக்கு மேல ஈரம்னா மூட்டையைத் திருப்பி அனுப்புவோம் மேடம்.
இவ எனக்குத் தினமும் மெஷின் வச்சுப் பாத்தா.
தினமும் திருப்பி அனுப்பினா.”
அவள் ஜன்னலைப் பார்த்தபடி:
“காயறதுக்குக் களம் கொடுத்தேனே. ஆறு வருஷம்.”

மூன்றாவது அமர்வில் தனித்தனியாகக் கேட்டேன்.
அவள் சைக்கிள் ஷெட்டில் நிற்கையில் அவன் சொன்னான்:
“ஏழு வரைக்கும் போகலாம். அவகிட்ட சொல்லிடாதீங்க.”
அவன் டீக்கடைக்குப் போனபோது அவள் சொன்னாள்:
“அஞ்சு வந்தாப் போதும், முடிச்சுக்கறேன்.
அவருகிட்ட சொல்லிடாதீங்க.”

நடுவில் இரண்டு லட்சம்.
சுடுசோறு போல என் வாயில் கிடந்தது,
விழுங்கவும் இல்லாமல் துப்பவும் இல்லாமல்.
பாமணி ஆற்று மதகில் நிற்கும் லஸ்கருக்கு
மேல்பக்க மட்டமும் தெரியும், கீழ்பக்க மட்டமும் தெரியும்.
அவர் சக்கரத்தைத் திருகினால் போதும்.
எனக்கு மட்டம் மட்டும்தான் கொடுத்திருக்கிறார்கள்.

நாலு என்றான். எட்டு என்றாள்.
நாலரை. ஏழே முக்கால்.
கரண்ட் போனது.
மழை சத்தம் மட்டும். யாரும் எழுந்திருக்கவில்லை.
இருட்டில் ஒரு குரல் ‘ஆறு’ என்றது.
எந்தப் பக்கத்திலிருந்து வந்ததென்று
சத்தியமாகச் சொல்ல மாட்டேன்.
என் பக்கமாகவும் இருந்திருக்கலாம்.
விளக்கு வந்தபோது இருவரும் மறுக்கவில்லை.

‘பரஸ்பர சம்மதம்’ என்ற வார்த்தைக்குக் கீழே கையெழுத்து.
கல்யாணத்தில் யாரும் அவர்களை அப்படிக் கேட்டிருக்கவில்லை.
ஆளுக்கு ஒரு லட்சம் லாபம்.
இருவர் முகத்திலும் தோற்ற களை.
பேனாவை மூடி அவளிடம் கொடுத்தான்,
அது அவளுடையது.

நியாயமா என்று கேட்காதீர்கள்.
ஏழு தரத் தயாராய் இருந்தவனிடம் ஆறு
என்பது ராத்திரியில் உறுத்துகிறது.
ஐந்தில் எழுந்துபோக இருந்தவளுக்கு ஆறு
என்று காலையில் காபி ஆற்றும்போது
எனக்கு நானே சமரசம் செய்துகொள்கிறேன்.

விதிப்படி குறிப்புத் தாளைக் கிழித்தேன்.
ஏழு எந்தத் துண்டில், ஐந்து எந்தத் துண்டில் என்று
எனக்கே தெரியாத அளவுக்கு.

உதவியாளர் அமிர்தகடேசன் அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.
வரப்பு வழக்கு. பத்தொன்பது வருடம். ஒன்றரை அடி.
அண்ணனும் தம்பியும் ஈரக்காலோடு நின்று
எந்த நாற்காலி என்று கேட்டார்கள்.
“எங்க வேணா உக்காருங்க” என்றேன்.

அதற்கே ஐந்து நிமிடம் ஆனது.